காளானும் கேள்விக்குறியும்

ஜூலை 1, திங்கள்

டாக்டர் ஜெரினா இந்த நோட்டில் எழுதச் சொன்னார். "உங்க மிசஸ் தினம் எப்படி இருந்தாங்கன்னு ரெண்டே ரெண்டு வரி எழுதுங்க சார். அடுத்த தடவை வரும்போது கொண்டு வாங்க."

இரண்டு வரி எழுத என்னை விட்டால் திருச்சியில் ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு. பெட்டிக்கடை வாசலில் கிளிப் மாட்டித் தொங்குகிறதே 'அந்திச் செய்தி' போஸ்டர், அதை எழுதுவது உமாபதியாகிய நான்தான்.

மங்கைக்கு இன்று அசதி. வைத்த காபி வைத்தபடியே இருந்தது.

ஆயிற்று இரண்டு வரி. நோட்டில் இன்னும் இடம் இருப்பதால் தொழில் ரகசியத்தையும் எழுதி வைக்கிறேன். போஸ்டரில் விஷயம் இருக்கவே கூடாது என்பது எங்கள் ஆசிரியர் பரசுராமன் போட்ட சட்டம். "போஸ்டர்லயே சொல்லிட்டா அப்புறம் பேப்பரை எவன்யா வாங்குவான்?" என்பார். அதனால், 'பிரபல நடிகர் திடீர் முடிவு!' என்று நான் எழுதினால் உள்ளே அவர் தாடியை எடுக்க முடிவு செய்திருப்பார். 'காவிரியில் மிதந்தது என்ன?' என்று எழுதினேன் ஒருநாள். பூசணிக்காய். கேள்விக்குறி என் சொந்தச் சேர்க்கை. கேள்வி கேட்டவன் பொய் சொன்னதாக யாரும் வழக்குப் போட முடியாது.

மாத்திரை டப்பாவை ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். வீட்டில் எறும்புத் தொல்லை. அரிவாள்மனையையும் மாடி வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். சும்மா இடத்தை அடைக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

அசதி. குளிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 3, புதன்

இன்று என் கை பேசியது. காலை பத்தே முக்கால். போஸ்டர் பதினொன்றுக்கு மெஷினுக்குப் போயாக வேண்டும். பக்கங்கள் முடிய பன்னிரண்டரை ஆகும். எப்போதும் இப்படித்தான். செய்தி முழுசாக வந்து சேர்வதற்குள் போஸ்டர் அச்சாகிவிடும். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை. குடிநீர்க் குழாய் உடைப்பு, கண் சிகிச்சை முகாம், மூன்றாவதாக ஒரு செய்தியின் முதல் பாரா மட்டும்: 'ஒருவகைக் காளானில் உள்ள, போதை தரக்கூடிய பொருளைக் கொண்டு மனநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் ஆராய்ச்சி திருச்சி தனியார் மருத்துவமனையில் தொடங்குகிறது.' மீதி வந்துகொண்டிருந்தது. எனக்கு மீதி எதற்கு?

'திருச்சி ஆஸ்பத்திரியில் போதைக் காளான்! நோயாளிகள் கதி?'

சத்திரம் பஸ் நிலையத்தில் மூன்று மணிக்கே பேப்பர் தீர்ந்து, இரண்டாம் தடவை அடித்து அனுப்பினார்கள். பரசுராமன் என் முதுகில் தட்டி வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். மங்கைக்கும் இரண்டு பஜ்ஜி கொண்டு வந்தேன். சாப்பிடவில்லை. அசதி.

ஜூலை 4, வியாழன்

ஆபீஸ் வாசலில் தள்ளுவண்டியில் காளான் போடும் சகாயராஜ் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சட்டி ஆறிக்கிடந்தது. "நேத்து சாயங்காலத்துலேருந்து ஒரு பிளேட் ஓடல சார். ஆபீசருங்க வந்து டப்பாவுல சாம்பிள் எடுத்துட்டுப் போயிருக்காங்க. எவனோ போஸ்டர் அடிச்சு விட்டிருக்கான், அவன் கை வெளங்குமா?"

நான் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

ஜூலை 5, வெள்ளி

எங்கள் போஸ்டர் டிவி வரைக்கும் போய்விட்டது. 'காளான்: மருந்தா, மயக்கமா?' என்று ஒரு மணிநேர விவாதம். ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், கட்சிப் பேச்சாளர்கள் இருவர், ஹோட்டல் தலைமைச் சமையல்காரர் ஒருவர். மனநல டாக்டர் யாரும் கிடைக்கவில்லையாம். சமையல்காரர் ஒருவர்தான் நிதானமாகப் பேசினார். காளானை நன்றாக வேகவைக்க வேண்டும் என்றார்.

மங்கையும் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இது நம்ம டாக்டரோட ஆஸ்பத்திரியா?" என்றாள். இந்த வாரத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இருக்காது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 6, சனி

அதே ஆஸ்பத்திரிதான். அதே டாக்டர்தான்.

காலையில் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். மூன்று வருடத்தில் நான்கு வகை மாத்திரை மாற்றியும் பலன் இல்லாதவர்களுக்கு ஒரு ஆராய்ச்சி இருக்கிறது, பன்னிரண்டு பேருக்குத்தான் இடம், அதில் மங்கையைச் சேர்க்க நினைக்கிறேன் என்றார். அரசு அனுமதியோடு நடக்கிறது. காளானில் இருக்கும் பொருளை அளந்து மாத்திரையாக்கிக் கொடுப்பார்கள். ஆறு மணிநேரம் இரண்டு பேர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். கண்ணுக்குள் என்னென்னவோ தோன்றும், அழுகை வரும், பயம்கூட வரலாம். குணமாகும் என்று உறுதி கிடையாது. இருபதாம் தேதிக்குள் அவளும் கூட இருக்கும் நானும் கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்க பேப்பர் பண்ணின வேலையில ரெண்டு பேர் ஏற்கெனவே வேணாம்னு போயிட்டாங்க" என்றார் என்னைப் பார்த்து. ஆபீஸில் நிறையப் பேர் இருக்கிறார்கள் டாக்டர் என்றேன். அது உண்மைதான், நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆட்டோவில் வரும்போது மங்கை மெதுவாக, "போய்த்தான் பாப்போமே" என்றாள். ஆட்டோ பாலக்கரை பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நான் வேடிக்கை பார்ப்பதுபோல் வெளியே திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

மங்கையின் தம்பி ஞானவேல் துறையூரிலிருந்து வந்து இறங்கினான். புதன்கிழமை கடையில் தொங்கிய போஸ்டரைக் கிளிப்போடு பிடுங்கி, நாலாக மடித்துக் கொண்டு வந்திருந்தான். கூடத்தில் விரித்துப் போட்டு நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்தான்.

"படிங்க மாமா. நோயாளிகள் கதி! போஸ்டர்லயே போட்டிருக்கான். எங்கக்காவைப் போதை ஏத்திப் பைத்தியமாக்கப் பாக்குறீங்களா?"

"கதின்னு போடலை மாப்ள, கதிக்கப்புறம் கேள்விக்குறி இருக்கு பாரு."

"கேள்விக்குறி போட்டா? பதில் பயங்கரமா இருக்குன்னுதானே அர்த்தம்?"

இருபத்திரண்டு வருடத்தில் என் கேள்விக்குறியை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட வாசகன் இவன்தான். "யாரோ அறிவு கெட்டவன் எழுதினது" என்றேன். மங்கை அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "வேணாம் விடுங்க. எதுக்கு வம்பு?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

நேற்றுப் போகலாம் என்றவள் இன்று வேண்டாம் என்கிறாள். நடுவில் வந்தது என் போஸ்டர் ஒன்றுதான்.

ஜூலை 8, திங்கள்

அசதி. தலை வாரவில்லை. ஒரு வாய் தயிர்சாதம்.

ஜூலை 9, செவ்வாய்

போஸ்டரால் கெட்டதைப் போஸ்டரால் சரிசெய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வெளிநாட்டு ஆராய்ச்சி பற்றி ஏஜென்சி செய்தி ஒன்று வந்திருந்தது. சிலருக்குப் பலன் தெரிந்ததாம், இன்னும் பெரிய அளவில் சோதிக்க வேண்டுமாம். 'சிலருக்கு', 'இன்னும்' இரண்டையும் கழற்றி வைத்தேன். இடம் போதாது.

'ஒரே மாத்திரை... கவலை காலி! காளான் செய்யும் மாயம்!'

கேள்விக்குறியே போடவில்லை. நல்ல மனதோடு செய்தது.

ஜூலை 10, புதன்

ஆஸ்பத்திரி வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றதாம். மகன் ப்ளஸ் டூவில் பெயிலான அம்மா, கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணின் அப்பா, மேனேஜர் திட்டுகிறார் என்று ஒரு பேங்க் கேஷியர். எல்லோருக்கும் ஒரே மாத்திரை வேண்டும். டாஸ்மாக்கிலிருந்து நேராக வந்த இருவர், பழைய முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வாட்ச்மேனிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

சகாயராஜ் வண்டியில் கூட்டம் தாங்கவில்லை. ஒருவர், "எனக்குக் கவலை ஜாஸ்தி, ரெண்டு பிளேட்டா போடுப்பா" என்று வாங்கிச் சாப்பிட்டு, கண்ணை மூடிப் பதினைந்து நிமிடம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டு, லேசாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். சகாயராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், சாம்பிள் ரிசல்ட் வந்திருச்சு. காளானே இல்லேன்னு எழுதியிருக்கான். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, முக்காவாசி முட்டைக்கோஸுதான். அதைச் சாப்பிட்டு ஒருத்தனுக்கு மனசு லேசாயிருச்சுன்னா நான் என்ன பண்றது?"

மூன்றாம் தேதியும் அதே முட்டைக்கோஸ்தான். அன்றைக்கு அதைப் பார்த்து ஊரே பயந்தது.

ஜூலை 11, வியாழன்

ஞானவேல் போன் செய்தான். குரலே மாறிவிட்டது. "மாமா, போஸ்டர் பார்த்தேன். அக்காவுக்கு உடனே போட்டிரலாம். எனக்கும் முட்டிவலி இருக்கு, எங்க மாமியாருக்கு ராத்திரி தூக்கமில்ல. ஒரு மூணு சீட்டு சொல்லி வைங்க."

எனக்கு ஒரே சந்தோஷம். மங்கையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"போன வாரம் அது விஷம். இந்த வாரம் அமிர்தம். நடுவுல அந்த மாத்திரை மாறிருச்சா?"

"மாத்திரை மாறலை."

"அப்போ யார் மாறினது?"

பால் பொங்குகிற சத்தம் கேட்டது, நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் பால் வைக்கவே இல்லை.

ஜூலை 13, சனி

டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போனேன். நோட்டைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். இந்த நோட்டை அவரிடம் எப்படிக் கொடுப்பது?

"சார், பயந்து ஓடினவங்களைக்கூட உட்கார வச்சுப் பேசிப் புரிய வச்சிருவேன். இப்ப வர்றவங்க மாயம் நடக்கும்னு நம்பி வர்றாங்க. ஆறு மணிநேரம் கழிச்சு எந்திரிச்சுப் பார்த்து, கவலை காலியாகலேன்னா? நமக்கு இதுவும் கேக்கலையேன்னு ஒடஞ்சு போயிருவாங்க. அந்த ரெண்டாவது போஸ்டர்தான் எனக்கு பயமா இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டையும் எழுதினது ஒரே ஆளா சார்?"

"விசாரிக்கிறேன் டாக்டர்."

நிர்வாகம் ஆராய்ச்சியையே தள்ளிவைக்கலாமா என்று யோசிக்கிறதாம். இருபதாம் தேதிக்குள் குறைந்தது எட்டுப் பேராவது கையெழுத்துப் போட்டால்தான் தொடங்கும். இதுவரை ஏழு பேர்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. ஞானவேல் மறுபடி போன்: "ஆடியில எதையும் தொடங்க வேணாம் மாமா, ஆவணிக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்க." அரசு அனுமதி வாங்கிய டாக்டரிடம் ஆடி என்று சொல்ல முடியாது என்றேன். அப்படியானால் அவர் நல்ல டாக்டர்தானா என்று சந்தேகப்படுகிறான்.

மங்கை நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

இன்றைக்கு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வீட்டில் எறும்பு கிடையாது. போன மாசியில் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது, மங்கை ஒரு மாத மாத்திரையையும் தட்டில் கொட்டி, பத்துப் பத்தாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணக்கு டீச்சர் அல்லவா. "எண்ணிப் பாத்துட்டிருந்தேன்" என்றாள். நானும் எண்ணித்தான் பார்த்திருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து டப்பா என் பையில். அரிவாள்மனை மாடியில். அசதி என்று நான் எழுதியதெல்லாம் அசதி இல்லை. எனக்குப் பயம். இருபதாம் தேதி போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பயம்.

சாயங்காலம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "ரெண்டு போஸ்டரையும் எழுதினது நான்தான்."

"தெரியும். கதின்னு எழுதிக் கேள்விக்குறி போடறதுக்கு ஊர்ல வேற ஆளா இருக்கு?" என்றாள். "அந்தச் செய்தியை முழுசாப் படிச்சீங்களா?"

இல்லை. இரண்டு செய்தியையும் முழுசாகப் படிக்கவில்லை. டாக்டர் கொடுத்த பதினான்கு பக்க ஒப்புதல் படிவத்தையும் படிக்கவில்லை. அது பீரோ மேல் இருந்தது. எடுத்து வரச் சொன்னாள்.

நான் படிக்கப் படிக்க அவள் கேட்டாள். நான்காம் பக்கத்தில் பென்சில் கேட்டாள். 'கணிசமானோர்' என்று இருந்த இடத்தில், "கணிசம்னா நூத்துல எத்தனை?" என்று ஓரத்தில் குறித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் அபாயங்கள் பட்டியல் வந்தது. நான் வேகமாகத் தாண்டப் பார்த்தேன். "திரும்பப் படிங்க, நிறுத்தி" என்றாள். படித்தேன். இரண்டு மணிநேரம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"இதைப் போஸ்டர்ல போட்டிருக்கலாம்" என்றாள்.

பிறகு படிவத்தின் பின்பக்கத்தை என்னிடம் தள்ளினாள். "எங்க, இப்போ எழுதுங்க பாப்போம். உங்க ரெண்டு வரியில."

மூன்று தடவை எழுதினேன். முதலாவதை, "ஆச்சரியக்குறியை எடுங்க" என்றாள். இரண்டாவதில் 'நம்பிக்கை ஒளி' இருந்தது. அதை நானே அடித்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

பரசுராமன் முதல் ஆடி வெள்ளி என்று கும்பகோணம் கோயிலுக்குப் போயிருந்தார். பதினொன்றுக்கு மெஷினில் ஏற்றினேன்.

'காளான் மாத்திரை: சிலருக்குக் குணமாகலாம், சிலருக்கு ஆகாது. டாக்டர் கூடவே இருப்பார். வேண்டாமென்றால் விலகலாம்.'

மூன்று மணிக்கு முகவர்கள் போன் மேல் போன். ஒவ்வொருத்தனும் கடை வாசலில் நின்று படித்துவிட்டு, அப்படியா சரி என்று நடையைக் கட்டுகிறானாம். பேப்பர் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. பாலக்கரைக் கடைக்காரர் கேட்டாராம், "எல்லாத்தையும் வெளியிலேயே சொல்லிட்டீங்களே, உள்ளே என்னதான் வச்சிருக்கீங்க?"

ஜூலை 20, சனி

காலையில் மங்கை கையெழுத்துப் போட்டாள். கீழே நான் போட்டேன். எட்டாவது ஆள் அவள்தானா என்று கேட்டேன். "ஒன்பது" என்றார் டாக்டர். நேற்றுச் சாயங்காலம் ஒருவர் பேப்பர் வாங்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, விலகலாம் என்று எழுதியிருக்கிறதே, நிஜமா என்று கேட்டுவிட்டுச் சேர்ந்தாராம்.

மத்தியானம் பரசுராமன் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். "யோவ், போஸ்டர்ல விஷயத்தை எழுதியிருக்க! உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" திங்கள் முதல் நான் ராசிபலன் பகுதிக்கு மாற்றம். மீனத்துக்கு நல்ல காலம் என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன். மங்கை மீனம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பழைய மாத்திரைகளை மெல்லக் குறைத்து நிறுத்தி, மூன்று தடவை உட்கார வைத்துப் பேசிய பிறகு இன்று கொடுத்தார்கள். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனாள். நானும் ஞானவேலும் வெளியே பெஞ்சில். ஆடி என்றாலும் நாளைக்கு ஆடி வெள்ளி, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று அவனாகவே சமாதானம் செய்துகொண்டான். பன்னிரண்டு மணிக்கு உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது. அவன் எழுந்துவிட்டான். ஒன்பதாம் பக்கத்துல இருக்கு, உட்காரு என்றேன். சொல்லிவிட்டு நானே கதவு வரைக்கும் போய் வந்தேன்.

இரண்டு மணிக்குப் பரசுராமன் போன். "உன் சம்சாரமாமே! சொல்லவே இல்லையே. என்ன பாத்தாங்கன்னு கேட்டு எழுதிக் குடு. 'காளான் காட்டிய காட்சி! திருச்சிப் பெண் கண்டது என்ன?' போஸ்டர் உனக்கே திரும்ப வந்திரும்." சிக்னல் இல்லை சார் என்று வைத்துவிட்டேன்.

நான்கு மணிக்கு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து, விளக்குப் போடும் நேரத்தில், என்ன பார்த்தாள் என்று அவளாகவே சொன்னாள். நான் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னதை இங்கேகூட எழுதப் போவதில்லை. அது அவளுடையது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தூங்கினாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒன்றும் பெரிய மாற்றம் தெரியவில்லை. உடனே தெரியாமலும் போகலாம் என்று படிவத்திலும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன். ராசிபலனில் பன்னிரண்டு ராசிக்கும் 'பொறுமை தேவை' என்று போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் மங்கை இல்லை. குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். சமையலறையில் சத்தம் கேட்டு ஓடினேன்.

தலையைக் கொண்டை போட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, அலமாரியிலிருந்த டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் ஆரம்பித்தாள்.

"மிளகாய்ப்பொடி டப்பாவுல எவனாவது சர்க்கரையைக் கொட்டுவானா? இந்தக் கரித்துணியாலயா தட்டைத் துடைச்சீங்க? என் வெள்ளை ரவிக்கை ரெண்டும் நீலமா இருக்கு, எதோட போட்டு ஊற வச்சீங்க? ஜன்னல்ல பல்லி முட்டை போட்டிருக்கு, அதைக்கூடப் பாக்காம அப்படி என்ன போஸ்டர் எழுதிக் கிழிச்சீங்க இத்தனை நாளா? கதியாம் கதி! இந்தச் சமையக்கட்டோட கதியைப் பாத்தீங்களா?"

மூன்று வருடமாக என்னை ஒரு வார்த்தை அவள் திட்டியதில்லை. திட்டத் தெம்பில்லாமல் கிடந்தாள். டாக்டர் சொல்லியிருக்கிறார், இன்றைக்கு நன்றாக இருந்தால் நாளைக்கும் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள் என்று. போடவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். முழுசாகப் பத்து நிமிடம் திட்டினாள். நான் கதவோரமாக ஆடாமல் அசையாமல் நின்றேன், குறுக்கே ஒரு வார்த்தை பேசி அவள் நிறுத்திவிடக் கூடாதே என்று.